பூசையில் வைத்த கிளினிக் புத்தகம்

பதினொரு வயதில் ஞானத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை. பள்ளி நூலக வாரத்துக்காக உலகத்து ஞான உருவங்களையெல்லாம் ஒரு நோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். கிரேக்கர்களின் ஆந்தை, எழுதுகோல் பிடித்த எகிப்தியச் சாமி, அறியாமையை வெட்ட வாளோங்கி நிற்கும் போதிசத்துவர், தந்தத்தை ஒடித்து எழுதிய நம் பிள்ளையார். எனக்கு மிகவும் பிடித்தவர் ஒடின் என்னும் வடதேசத்துக் கடவுள். ஞானக் கிணற்றில் ஒரு வாய்த் தண்ணீருக்காகத் தன் கண்ணைக் கொடுத்தவர். என் சட்டையிலும் நூலகக் கண்காணிப்பாளருக்கான ஆந்தை பேட்ஜ் இருந்தது. ஆந்தை வீட்டுக்கு ஆகாது என்று அம்மா அதை வாசலிலேயே கழற்றச் சொல்வார்.

அம்மா ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார். மலாயைப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அப்போது அவருக்கு ஏழாம் மாதம். எனக்கொரு தம்பி என்று ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள்.

அந்த வருட சரஸ்வதி பூசை சனிக்கிழமையில் வந்தது. எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் பூசைப் பொறுப்பு என்னுடையது. எழுத்து இருந்த எதையும் நான் விடவில்லை. பாடப்புத்தகங்கள், அகராதி, கர்ப்பப் பரிசோதனைக்கு அம்மா கொண்டுபோகும் கிளினிக் புத்தகம், எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனம் வைத்தேன். மறுநாள் காலைவரை எதையும் தொடக் கூடாது, ஓர் எழுத்தும் படிக்கக் கூடாது. அப்பா மாக் மண்டின் தொழிற்சாலைக்கு ஓவர்டைம் போயிருந்தார்.

மத்தியானம் அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

“கண்ணு மங்கலா இருக்கு. மிஸ்ஸி புக்ல என்னமோ எழுதிக் கொடுத்தாங்க. எடுத்துப் படிச்சுச் சொல்லேன்மா.”

மிஸ்ஸி என்றால் எங்கள் ஊரில் தாதி. படம் ஒட்டுவது படிப்பில் சேராது என்று என் நோட்டை மட்டும் வெளியே வைத்திருந்தேன்; அதிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“இன்னிக்குப் படிக்கக் கூடாதும்மா. படிச்சா எனக்குப் படிப்பே வராது. நாளைக்குக் காலைல படிக்கிறேன்.”

அம்மாவின் கை புத்தகம் வரை போய்த் திரும்பியது. என் படிப்பைக் கெடுக்கும் காரியம் எதையும் அவர் செய்தவரில்லை. அவரைத் தேற்றுவதற்காகக் கண்ணைக் கொடுத்த ஒடினின் கதையைச் சொன்னேன். பாவம் அந்தச் சாமி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

ஆறு மணிக்கு அப்பா வந்தபோது அம்மா அடுப்படித் தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி கார் எடுத்தார். அப்பா கிளினிக் புத்தகத்தைக் கேட்டார். நான் சாமி மேடையைக் காட்டினேன். அவர் உருவிய வேகத்தில் பூவும் குங்குமமும் சிதறின. அப்பாவுக்குத் தோஷம் வந்துவிடுமே என்று உண்மையாகவே கவலைப்பட்டேன்.

தம்பி உயிரோடு பிறக்கவில்லை. அம்மாவுக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெளிந்தது. வார்டில் ஒரு மிஸ்ஸி அந்தப் புத்தகத்தைத் திறந்து அப்பாவிடம் காட்டினார். தலைவலியோ கண் மங்கலோ வந்தால் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று மலாயில் இரண்டே வரி. அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது.

அப்பா கட்டிலருகே குனிந்தார். “புள்ள வீட்லதானலா இருந்தா? ஒரு வார்த்த படிக்கச் சொல்லியிருக்கலாமில்ல?”

அம்மா கூரையைப் பார்த்தபடி சொன்னார். “கேக்கத் தோணல. மறந்துட்டேன்.”

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த எனக்கு உயிர் வந்தது. வலிப்பில் அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன். தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த ஞான நோட்டுக்கு முதல் பரிசு கிடைத்தது.

அடுத்த வருட பூசைக்கு நான் புத்தகங்களை அடுக்கும்போது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அடுக்கிலிருந்து தன் மருத்துவமனை அட்டையை மட்டும் உருவி என் கையில் கொடுத்தார்.

“இது சாமிகிட்ட வேணாம். வெளியவே இருக்கட்டும்.”

எல்லாவற்றையும் மறக்கிற அம்மாவுக்கு இதாவது ஞாபகம் இருக்கிறதே என்று எண்ணிக்கொண்டு, அட்டையை வாங்கி வைத்தேன்.