கோலாரில் தங்கம் எடுக்காதவன்

கோலார் சுரங்கத்தில் வேலை என்றால் எங்கள் அதியமான்கோட்டைப் பக்கம் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். தங்கம் வெட்டுகிறான், அவ்வளவுதான். நானோ தங்கத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சுரங்கத்தின் அடியாழத்தில், நியூட்ரினோ வருகிறதா என்று பார்க்கும் கருவிகளுக்குக் காவல் இருந்தேன். பூமியையே ஊடுருவிப் போய்விடும் துகள் அது. எப்போதாவது ஒன்று பாறையில் மோதினால் எங்கள் கருவியின் குழாய்களில் ஒரு மினுக்கு தெரியும். மாதக்கணக்கில் அதுவும் இருக்காது. பேச்சுத் துணையில்லாமல் பாறையோடு பேசிக்கொண்டு கிடந்தேன்.

அறுபதுகளின் கடைசியில் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் மாமாதான் பேசினார்.

“கோலார்ல இருக்கீங்க. பொண்ணுக்கு நகையெல்லாம் நீங்களே போட்டுருவீங்களாட்டம் இருக்குது?”

“தங்கத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லீங்க. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு வருதான்னு பாத்துட்டு இருக்கறேன்.”

என் சித்தப்பா தொடையைக் கிள்ளினார். எனக்கு எரிச்சலாக வந்தது. பொய் சொல்லியா பெண் கட்ட வேண்டும்?

காப்பி கொண்டுவந்த பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். “அது வரலைன்னா என்னங்க பண்ணுவீங்க?”

“காத்துட்டு இருப்பேங்க.”

மறுவாரம் மாமா ஆள் அனுப்பினார். பெண்ணே வேண்டாம் என்றுவிட்டாளாம். பட்டாளத்துக்குப் போன அப்பாவுக்காக அம்மா காத்துக் கிடந்த வீட்டில் வளர்ந்தவளாம், இன்னொரு காத்திருப்பு ஆகாதாம். அவள் சொன்னது நியாயம்தான். அதன் பிறகு நான் வேறு பெண் பார்க்கவில்லை.

எழுபதுகளில் ஒரு செய்தி வந்தது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களை வெளிநாட்டில் எண்ணிப் பார்த்தார்களாம். வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்ததாம். கணக்கு தப்பு என்றார்கள், கருவி தப்பு என்றார்கள். வழியிலேயே வேறு வகையாக மாறிவிட்டதோ என்றும் சிலர் கேட்டார்கள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஊருக்கு வந்து சித்தப்பாவிடம் சொன்னேன்.

“அத வுடு. பென்ஷன் உண்டா?” என்றார்.

அந்த முறைதான் அரூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பாப்பிரெட்டிப்பட்டிப் பெண்ணைப் பார்த்தேன். தீர்த்தமலைக் கோயிலுக்குப் போய்விட்டு, இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். அடையாளம் தெரிந்துகொண்டு அவளே கேட்டாள்.

“அது வந்துச்சுங்களா?”

“வந்துச்சுங்க. சூரியன்ல இருந்து வரவேண்டியதுதான் கொறயுதாம். வழியில உரு மாறிடுதோ என்னமோ.”

“மாறி வந்தா உங்க கருவிக்குத் தெரியாதுங்களா?”

“தெரியாதுங்க.”

அவள் புருஷன் பஸ்ஸிலிருந்து கூப்பிட்டார். போய்விட்டாள். நான் சுரங்கத்துக்குத் திரும்பினேன். வந்ததா என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவள்தான். கட்டியிருந்தால் தினமும் கேட்டிருப்பாள்.