எந்த லைன்?

பரஞ்சோதிக்குச் சந்தேகப்படுவதுதான் வேலை. கல்லுமலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அவர் ஜாகா, வாசல் காவலாளி. வாசலில் காடி வந்து நின்றால், உள்ளே இருப்பவர் கல்வி இலாகா அதிகாரியே ஆனாலும், கார்க் கண்ணாடியை இறக்கச் சொல்லி முகத்தைப் பார்த்த பிறகுதான் கேட்டைத் திறப்பார். வெளியாள் என்றால் அடையாள அட்டையான ஐ.சி.யையோ லைசென்சையோ வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டு, திரும்பிப் போகும்போதுதான் கொடுப்பார். "அந்த மனுசன் சொந்த நெழல்கிட்டயே ஐ.சி. கேப்பாரு" என்பாள் பக்கத்து வீட்டு இராசாத்தி.

இந்தக் குணம் ஜாகா சட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்ததல்ல. அவர் பிறந்தது சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே. மீசை அரும்பிய வயதில், ஒருநாள் காலையில் சிலர் வந்து, வீடுகளுக்குப் பின்னால் சிவப்பு ரிப்பன் கட்டிய முளைக்குச்சிகளை அடித்தார்கள். "சும்மா அளக்குறோம்ணே" என்று அவருடைய அப்பாவிடம் சிரித்தார்கள். அப்பா அவர்களுக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தார். வருடம் திரும்புவதற்குள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் தரைமட்டம். இப்போது அங்கே சுற்றுச்சுவர் போட்ட தாமான், புதுக் குடியிருப்பு. ஒருமுறை மோட்டாரில் அந்தப் பக்கம் போனபோது, அங்கிருந்த ஜாகா கையைக் காட்டி நிறுத்தி, எங்கே போக வேண்டும் என்று கேட்டான். பிறந்த இடத்தைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வழி தவறிவிட்டது என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

கல்லுமலைக்கு வந்த பிறகு கொஞ்சம் ஆறியிருந்தது. நவமணியைக் கட்டினார். லயத்தின் கடைசி வீடு கிடைத்தது. திகாம் பத்து சாலையிலிருந்து செம்பனைத் தோப்புக்குள் நுழைந்து, மண்பாதை முடிகிற இடம் அது. போனுக்கு லைன் கிடைக்காது. கோயிலுக்குப் பின்னாலுள்ள பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். அதுவும் மழை என்றால் இல்லை.

நவமணி அடுப்படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று மழை பெய்தது. பரஞ்சோதி பாறையில் ஏறி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, இறக்கி, மறுபடி தூக்கி, நனைந்ததுதான் மிச்சம். யாரோ லோரியைக் கிளப்பிக்கொண்டு வந்தபோது அவள் கை சில்லிட்டிருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அவர் சொன்னதெல்லாம் ஒன்றுதான். "லைன் இல்ல."

அது நடந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஒருநாள் பள்ளிக்கு ஒரு வேன் வந்தது. இறங்கியவன் லோகேஸ்வரன், சுங்கைப் பட்டாணிப் பையன், ஏதோ காண்ட்ரேக்ட் கம்பெனியின் ஆள். வழக்கம்போல லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார். விட்டவர் சும்மா இருக்காமல், தலைமையாசிரியை சந்திரிகாவின் அறை ஜன்னலுக்குக் கீழே பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் நின்றார்.

"இங்க இருக்கிற பழைய லைன் ஒண்ணும் உருப்படாது டீச்சர். கட்டையெல்லாம் கரையான் அரிச்சிருச்சி. இந்த மாசத்துக்குள்ள மொத்தமா எறக்கிடுவோம்."

"ஆளுங்களுக்கு முன்கூட்டியே சொல்லணுமா?"

"எதுக்கு டீச்சர்? வேலைய ஆரம்பிச்சா தானா தெரிஞ்சிக்குவாங்க."

தண்ணீர் பூந்தொட்டியை நிறைத்து அவர் காலணியில் வழிந்தது.

லயத்தை அங்கே யாரும் லயம் என்பதில்லை. முதல் லைன், நடு லைன், கடைசி லைன் என்றுதான் பேச்சு. அவர் வீட்டுத் தூண் கரையான் அரித்தது என்பதும் உண்மை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், லயத்தின் பின்புறம் நெடுக சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகள். ஒன்று அவருடைய அடுப்படிச் சுவரை ஒட்டியே நின்றது.

பரஞ்சோதி யாரையும் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அத்தனையையும் பிடுங்கி, பள்ளியின் பழைய சாமான் அறையில் போட்டுப் பூட்டினார். சாவி அவரிடம்தானே இருக்கிறது. பிறகு இராசாத்தியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவளிடம் சொன்னால் போதும். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் மூன்று லைனுக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் லோகேஸ்வரன் வந்து லயத்துக்குப் பின்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். சுற்றிலும் சனம்.

"அங்கிள், இங்க குச்சி அடிச்சிருந்தோமே, பாத்தீங்களா?"

"நான் ஸ்கூலுக்குத்தான் ஜாகா. ஒன் குச்சிக்கு இல்ல."

"வெளையாடாதீங்க அங்கிள். குச்சி இல்லன்னா எங்க பாஸ் இந்த வேலைய அடுத்த தோட்டத்துக்குத் தூக்கிக் குடுத்துருவாரு."

"தாராளமா குடுக்கச் சொல்லு. அங்க போயி ஒடைங்க!"

"எத ஒடைக்கிறது?"

"எங்க லைனத்தாண்டா!" இராசாத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "எறக்கப் போறேன்னு டீச்சர்கிட்ட சொன்னியாமே. நாங்க எங்க போறது, ஒன் ஊட்டுக்கா?"

 லோகேஸ்வரன் சாலையோரம் சாய்ந்து கிடந்த பழைய டெலிபோன் கட்டையைக் காட்டினான். "ஐயோ அக்கா! அந்த லைன்! கம்பி லைன்! அந்தக் கட்டைய எறக்கிட்டு ஸ்கூலுக்கு ஃபைபர் போடுறோம்லா. பிள்ளைங்களுக்கு இண்டர்நெட்!"

 இராசாத்திதான் முதலில் சிரித்தாள். "அட கெரகமே! இந்தாளு பேச்சக் கேட்டு நான் ராத்திரியே சட்டி பானைய மூட்ட கட்டிட்டேன்." சிரிப்பு நடு லைன் வரைக்கும் போனது.

பரஞ்சோதி சிரிக்கவில்லை.

"ஸ்கூலுக்குன்னா ஸ்கூலோட நிக்கணும். குச்சி எதுக்கு எங்க அடுப்படி வரைக்கும் வந்துச்சி?"

"அங்கதான் கம்பம் வருது அங்கிள். உச்சியில ஒரு பெட்டி வச்சிருவோம். போனுக்கும் லைன் கெடைக்கும்."

"இத்தன வருசமா கெடைக்காத லைன் இப்ப எதுக்குக் கெடைக்குது? இந்த எடத்த யாருக்காவது வித்துட்டானுங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது அங்கிள். கம்பம் போடச் சொன்னாங்க, போடுறேன்."

தெரியாது என்று அவன் சொன்னது பரஞ்சோதிக்குப் பிடித்திருந்தது. அன்று அப்பா கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்களுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. அவர்கள்தான் சிரித்தார்கள்.

"அடுப்படியில நின்னு பேசுனா கெடைக்குமா?"

"கெடைக்கும்."

"மழையிலயும்?"

"கெடைக்கும் அங்கிள்."

குச்சிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை. தினமும் வேலைக்கு வந்ததும் லைசென்சைத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும். மாலையில் லைன் முழுக்க நடந்து, எல்லா வீடும் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் திருப்பித் தருவார். "ஸ்கூலுக்கு உள்ள வந்தாத்தானே அங்கிள் குடுக்கணும்?" என்று லோகேஸ்வரன் முணுமுணுத்தான். ஆனாலும் கொடுத்தான். ஒவ்வொரு மாலையும் பரஞ்சோதி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் வீட்டிலிருந்து தன் வீடு வரை, சுவர்களைத் தொடாத குறையாகப் பார்த்துக்கொண்டு போவார். இராசாத்தி வாசலில் நின்று, "எங்க ஊடு இருக்குதாண்ணே? நல்லா பாத்துச் சொல்லுங்க" என்று கத்துவாள்.

பழைய கட்டைகள் இறங்கின. கம்பம் ஏறியது. பள்ளிக்குள் பிள்ளைகள் திரையைப் பார்த்துப் போட்ட கூச்சல் கேட் வரைக்கும் கேட்டது. அன்று தூறல் பிடித்துக்கொண்டது. லோகேஸ்வரன் கையை நீட்டினான்.

"வேல முடிஞ்சிச்சி அங்கிள். லைசென்ஸ்?"

"இரு."

பரஞ்சோதி வீட்டுக்குப் போனார். அடுப்படிக்குள் நுழைந்து, நவமணி உட்கார்ந்த இடத்தில், சுவரில் சாய்ந்து நின்றார். வெளியே மழை வலுத்தது. 999 அடித்தார்.

உடனே எடுத்தார்கள். என்ன அவசரம் என்று ஒரு மலாய்ப் பெண்குரல் கேட்டது. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டது. தோட்டத்தின் பெயரைச் சொன்னார். கடைசி லைன், கடைசி வீடு என்றார். அந்தக் குரல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டது.

"பெத்துல்" என்றார். சரிதான்.

ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா, பாக்சிக் என்று மரியாதையாகக் கேட்டது.

"தாக் பாயா." வேண்டாம் என்பதைத் தவிர, அந்த நேரத்தில் அவருக்கு வேறு மலாய் வரவில்லை. இந்த நம்பரோடு விளையாடக் கூடாது என்று அந்தக் குரல் கண்டித்தது. அதையும் கடைசி வரை கேட்டார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

திரும்பி வந்து லாச்சியைத் திறந்தார். லைசென்சை எடுத்து, படத்தையும் முகத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"என்ன அங்கிள், லைன் கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சி."

வேன் கிளம்பியது. கேட்டைப் பாதி திறந்தவர், அப்படியே நின்று கண்ணாடியைத் தட்டினார்.

"குச்சியெல்லாம் புடுங்கிட்டியா?"

"எல்லாம் புடுங்கியாச்சி அங்கிள்."

கேட்டைத் திறந்துவிட்டார். வேன் செம்பனைக்குள் மறைந்ததும் பூட்டினார். குடையை விரித்துக்கொண்டு, எல்லாவற்றையும் பிடுங்கியிருக்கிறானா என்று பார்க்க லயத்தின் பின்பக்கம் போனார்.