டேங்க் நெறஞ்சா நிக்கிற லாரி

எழுபதுகளோட தொடக்கம். டீசல் விலை ஏறிப்போச்சுன்னு டீக்கடைக்கு டீக்கடை புலம்பிக்கிட்டு இருந்த சமயம். நான் அருப்புக்கோட்டையில ஒரு மளிகை மொத்த வியாபாரிகிட்ட லாரி டிரைவரா இருந்தேன். விருதுநகர்ல சரக்கு ஏத்தி, பாலவனத்தம் வழியா வந்து, பாதியை எங்க முதலாளி கடையில எறக்கணும். மீதியைத் திருச்சுழி கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடணும். திரும்பையில மல்லி, மிளகா வத்தல், கரி மூட்டைன்னு எது கெடைக்குதோ அதை ஏத்திக்கிட்டு வரணும். இதுதான் பொழப்பு.

லாரி என் கைக்கு வரும்போதே கெழடு. யார் யாரோ ஓட்டித் தேய்ச்சது. கதவைச் சாத்தினா கண்ணாடி தானா எறங்கிரும். ஆனா எஞ்சின் தங்கம். எனக்குக் கோவம் ஜாஸ்தி, அதை ஒத்துக்கிறேன். அதைவிட ஜாஸ்தி இன்னொரு கொணம் உண்டு. ஒண்ணு ஏன் இப்படி ஆச்சுன்னு தெரியலைன்னா மண்டைக்குள்ள வண்டு கொடையும், சோறு எறங்காது. இவருக்குச் சோத்துக்குப் பதிலா ஒரு ரிப்பேரைத் தட்டுல வச்சாப் போதும்னு என் சம்சாரம் கேலி பண்ணுவா.

என்கூட வந்த கிளீனர் என்னைவிட வயசுல மூத்தவரு. ஸ்டீரிங்கைக் கண்டாலே கை நடுங்குதுன்னு கடைசி வரைக்கும் கிளீனராவே இருந்துட்டாரு. அவரை நான் அண்ணேன்னு கூப்பிடுவேன், அவரு என்னைத் தம்பின்னு கூப்பிடுவாரு.

அந்த வருசம் ஆயுத பூசைக்கு வண்டியைப் பளபளன்னு கழுவினோம். டேங்க் மூடி வழியா டீசல் கசிஞ்சு வடியுதேன்னு, பழைய ரப்பரைப் பிடுங்கிப் போட்டுட்டுப் புது ரப்பர் ஒண்ணு வாங்கி மாட்டினேன். முதலாளி பக்தி ஜாஸ்தி உள்ளவுக. பூசணிக்கா உடைச்சு, சூடம் காட்டி, வண்டி பூராவும் அவுக கையாலயே சந்தனமும் குங்குமமும் அப்பினாக. அதுக்கு அடுத்த வாரம்தான் சனியன் பிடிச்சது.

விருதுநகர்ல டேங்கை நெறச்சிட்டுக் கெளம்பினா, பாலவனத்தம் தாண்டி வண்டி இழுவை கொறையும். அப்புறம் ரெண்டு தடவை இருமும், நின்னுபோகும். நான் எறங்கி பானெட்டைத் தூக்குவேன். அண்ணே பின்னாடி போயி டேங்க் மூடியைக் கழத்தி, குச்சியை விட்டுப் பாத்து, டீசல் இருக்கு தம்பின்னு குரல் கொடுப்பாரு. நான் பில்டர்ல திருகாணியைத் தளத்தி, பைப்புல இருக்கிற காத்து வெளிய போகக் கை பம்பை அடிப்பேன். நொரை நொரையா காத்து வரும். பெறகு சுத்தமா டீசல் வரும். ஸ்டார்ட் பண்ணினா ஒண்ணுமே நடக்காத மாதிரி பிடிச்சுக்கும். கொஞ்ச தூரம் ஓடும், திரும்ப நிக்கும்.

நொரை வருதுன்னா எங்கயோ காத்து உள்ள போகுதுன்னு அர்த்தம். சோப்பைக் கரைச்சு பைப்பு மூட்டுக்கெல்லாம் தடவிப் பாத்தேன். வாஷரை மாத்தினேன். பில்டர் துணியை மாத்தினேன். பம்பைப் பிரிச்சுத் தொடச்சு மாட்டினேன். ஊஹூம். அண்ணே அவரு பங்குக்கு, நிக்கிற எடமெல்லாம் சரியில்லாத எடம்னு எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டாரு. நானும் வேண்டாம்னு சொல்லலை.

கடைசியில ஒரு மெக்கானிக்கைப் பிடிச்சேன். அவரு கெட்டிக்காரரு. கேபின் மேல ஒரு டின்னைக் கட்டி, அதுல டீசலை ஊத்தி, டியூப்பு வழியா நேரா பில்டருக்கு விட்டாரு. ஊரைச் சுத்தி எத்தனை நடை ஓட்டியும் வண்டி நிக்கலை. அப்ப எஞ்சின் மேல தப்பில்லை, டேங்குக்கும் பம்புக்கும் நடுவுலதான் கோளாறுன்னு ஆயிருச்சு. டேங்கை எறக்கிக் கழுவினோம். பைப்பை வாயாலயே ஊதிப் பாத்தோம். கொஞ்சம் துரு, அவ்வளவுதான். திரும்ப மாட்டி, அடியில கெடக்கிற அளவுக்கு டீசலை ஊத்தி ஓட்டினா ஜோரா ஓடுது. அப்பாடான்னு இருந்துச்சு. மறுநாள் டேங்கை நெறச்சோம், பழைய எடத்துல போயி நின்னுருச்சு.

அன்னைக்குத்தான் எனக்கு அந்த விசயம் பட்டுச்சு. டேங்க் நெறைய இருந்தா சீக்கிரம் நிக்குது. பாதி இருந்தா ரொம்ப தூரம் போகுது. அடியில கெடந்தா நிக்கிறதே இல்லை. எந்த ஊர்லயாச்சும் வயிறு நெறஞ்சவன் மயங்கி விழுந்து, பட்டினி கெடக்கிறவன் ஓடுவானா? எனக்குச் சந்தோசம் தாங்கலை. காரணம் தெரியாட்டியும் ஒரு நுனி கெடைச்ச சந்தோசம். ஓடிப்போயி முதலாளிகிட்ட சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது.

ஏன்னா முதலாளிக்கு என்மேல முன்னமே ஒரு சந்தேகம். சரக்கு லேட்டாப் போகுது, டீசலும் வழக்கத்தைவிட ஜாஸ்தி செலவாகுது. பம்படிச்சுக் காத்து எடுக்கிறப்ப எவ்வளவு டீசல் கீழ கொட்டிப் போகும்னு ஓட்டுறவனுக்குத்தான் தெரியும். வழியில நிறுத்தி டீசலை எறக்கி விக்கிறதுக்குத்தான் இந்த நாடகம்னு யாரோ அவுக காதுல ஓதியிருக்காக. நான் போயி டேங்க் நெறஞ்சா நிக்குது, கொறஞ்சா ஓடுதுன்னு சொன்னதும், தராசுல இருந்து கையை எடுத்துட்டு என்னை நிமிந்து பாத்தாக.

"அப்ப டேங்க்ல இருக்கிற டீசலை வெளிய எடுத்தாத்தான் வண்டி ஓடும்னு சொல்றயா?"

கடையில மூட்டை தூக்குற ஆளுக அத்தனை பேரும் சிரிச்சாங்க. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. நான் பாத்ததைப் பாத்தபடி சொன்னேன், அது அப்படியே திருடன் பேசுற பேச்சா வந்து நின்னுச்சு. அங்கனயே சாவியை எறிஞ்சிட்டுப் போயிருப்பேன். அண்ணே என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. இப்பப் போனா அவன் திருடன்தான்னு ஆயிரும், இந்தச் சுத்துவட்டாரத்துல எவனும் ஸ்டீரிங்கைக் குடுக்க மாட்டான் தம்பின்னாரு. அது நெசம். பேச்சு அதுக்குள்ள திருச்சுழி கடைகள் வரைக்கும் போயிருந்துச்சு. சரக்கைக் குறைக்காம எறக்குப்பான்னு, இத்தனை வருசம் எண்ணிக்கூடப் பாக்காத கடைக்காரரு சொன்னாரு. தெருக் குழாயில டீசல்காரன் பொண்டாட்டின்னு யாரோ சொன்னதைக் கேட்டுட்டு, என் சம்சாரம் பாதிக் குடத்தோட திரும்பி வந்தா. அன்னைக்கு ராத்திரி அவ என்னைக் கேலி பண்ணலை. அதுதான் எனக்குத் தாங்கலை.

அடுத்த நடைக்கு முதலாளி டேங்க் மூடிக்கு ஒரு கொண்டி அடிச்சு, பூட்டைப் போட்டு, சாவியை இடுப்புல செருகிக்கிட்டாக. அவுக கண்ணு முன்னாடியே அருப்புக்கோட்டையில டேங்கைக் கழுத்து வரைக்கும் நெறச்சு, திருச்சுழிக்குச் சரக்கை ஏத்தி, போயிட்டு வா பாப்போம்னு அனுப்பினாக. நான் வண்டியை எடுத்தேன்.

ஊரைத் தாண்டி பாதி வழி போயிருப்போம். ரெண்டு பக்கமும் கருவேலங்காடு, ஒரு காஞ்ச கண்மாய்க் கரை. வண்டி இருமிச்சு, நின்னுச்சு. வழக்கம்போல நான் பானெட்டைத் தூக்கினேன். அண்ணே பின்னாடி போயி, பூட்டைப் பாத்துட்டுச் சும்மா திரும்பி வந்தாரு. சரி, காத்து எடுத்தா போகப்போகுதுன்னு கை பம்பைப் பிடிச்சேன். பம்பு வர மாட்டேங்குது. இழுத்தா யாரோ உள்ள இருந்து பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு. விட்டா டக்குன்னு உள்ள போகுது. சொட்டு டீசல் இல்லை. எத்தனை தடவை வழியில நின்னிருக்கோம், ஒரு தடவைகூட இப்படிச் செய்யலையே. வெயில்ல கை கொப்பளிக்க அடிச்சுப் பாத்துட்டு, ரோட்டுல உக்காந்துட்டேன்.

கோவம்லாம் எங்கயோ போயிருச்சு. மண்டைக்குள்ள வண்டு மட்டும்தான். எப்பவும் கெளம்பிற வண்டி இன்னைக்கு மட்டும் ஏன் கெளம்பலை? நான் செய்யுறதெல்லாம் எப்பவும் செய்யுறதுதான். அண்ணே செய்யுறதுல மட்டும் ஒண்ணு கொறையுது. ஆனா குச்சியை விட்டுப் பாக்குறதுல வண்டிக்கு என்ன ஆகப்போகுது?

அந்தப் பக்கம் வந்த பஸ்ஸுல அண்ணனை ஏத்தி ஊருக்கு அனுப்பினேன். மத்தியானத்துக்கு மேல முதலாளியோட வந்து எறங்கினாரு. பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்த எரிச்சல் அவுக மூஞ்சியில தெரிஞ்சுச்சு. நேரா போயி பூட்டைத் தட்டிப் பாத்தாக, யாரும் தொட்ட அடையாளம் இல்லை. சாவியைப் போட்டுத் தொறந்து, மூடியைத் திருகினாக.

உஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். பாம்போன்னு முதலாளி ரெண்டு எட்டு பின்னால போனாக. கூடவே டேங்க் தகடு டொம்முனு வெளிப்பக்கம் குதிச்சுச்சு. நான் ஓடிப்போயி கை பம்பை அடிச்சேன், டீசல் பீச்சுது. ஸ்டார்ட் பண்ணினேன், பிடிச்சுக்கிச்சு.

எனக்கு அப்பவே கெளம்பி லோடை எறக்கணும்னு தோணலை. மூடியை மாட்டிப் பூட்டுங்க முதலாளி, நீங்களும் ஏறி உக்காருங்கன்னேன். அவுகளும் என்ன நெனச்சாகளோ, பூட்டிட்டு ஏறினாக. கொஞ்ச தூரம், அவ்வளவுதான், வண்டி இருமிச்சு, நின்னுச்சு. இந்தத் தடவை நான் பானெட்டுப் பக்கம் போகவே இல்லை. மூணு பேரும் டேங்குகிட்ட போயி காதைக் கொடுத்துக்கிட்டு நின்னோம். மூடியைத் திருகினதும் அதே உஸ், அதே டொம்.

நான் டேங்க் தகட்டைத் தட்டிப் பாத்தேன். முதலாளிதான் மொதல்ல வாயைத் தொறந்தாக.

"ஏப்பா, எண்ணெ டின்னுல ஒரு ஓட்டை மட்டும் போட்டா எண்ணெ எறங்காது. எதுத்தாப்ல இன்னொரு ஓட்டை போடணும். இதுக்கு அந்த ஓட்டை எங்க?"

எனக்குப் பொறி தட்டின மாதிரி இருந்துச்சு. மூடியை வாங்கிக் கவுத்துப் பாத்தேன். காத்து போறதுக்கு நடுவுல ஊசி மொனை அளவுக்கு ஓட்டை இருக்கும். சூரியனுக்கு நேரா பிடிச்சேன், வெளிச்சமே வரலை. அண்ணே கருவேல மரத்துல இருந்து நீளமா ஒரு முள்ளை ஒடிச்சுக் கொடுத்தாரு. குத்தினேன். டீசலும் புழுதியும் ஏறி சிமிட்டியா எறுகிப்போன சந்தனம், பொடிப்பொடியா என் உள்ளங்கையில விழுந்துச்சு. நடுவுல குங்குமச் செவப்புகூட இருந்துச்சு.

எல்லாம் வெளங்கிருச்சு. நெறஞ்ச டேங்க்ல காத்துக்கு எடமே கெடையாது, கொஞ்சம் டீசல் போனதுமே உள்ள இழுத்துப் பிடிச்சுக்கும், அந்த இழுப்புலதான் பைப்புல நொரையும் வந்திருக்கு. பாதி டேங்க்ல காத்து நெறைய இருக்கு, அது தாக்குப் பிடிக்கும். வருசா வருசம் சந்தனம் வச்சும் இந்த வருசம் மட்டும் ஏன்னா, பழைய ரப்பர் ஓரத்துல காத்து கசிஞ்சு போயிருக்கு. நான் புது ரப்பரைப் போட்டு அதையும் அடைச்சேன். இத்தனை நாளும் வண்டியைக் கெளப்பினது என் பம்பு இல்லை, அண்ணே மூடியைத் தொறந்து பாத்தாரு பாருங்க, அதுதான். அப்பல்லாம் கேட்ட உஸ் சத்தத்தை டீசல் ஆவின்னு நெனச்சு அவரு என்கிட்ட சொல்லவே இல்லை. ஷெட்டுல எவன் வந்தாலும் மொத வேலையா மூடியைத் தொறந்து பாப்பான். நோயைப் பாக்கத் தொறந்ததுமே நோய் போயிரும். பெறகு எங்க கண்டுபிடிக்க?

சந்தனம் வச்ச கை யாரோடதுன்னு மூணு பேருக்குமே தெரியும். என் நாக்கு நொனியில வார்த்தை வந்து நின்னுச்சு. ஆனா முதலாளி என் உள்ளங்கையையே பாத்துக்கிட்டு நின்ன நிலையில, சொல்ல மனசு வரலை. பெறகு, வண்டியை எடுன்னாக. பூட்டைக் கருவேலங்காட்டுக்குள்ள வீசிட்டாக. மூடியை மட்டும் அந்த முள்ளோட கையில வச்சுக்கிட்டாக. டேங்க் வாயில ஒரு துணியைச் சுத்தி வச்சு, மெதுவா ஓட்டிக்கிட்டுப் போனேன்.

திருச்சுழியில அவுக செஞ்சதைத்தான் என்னால மறக்கவே முடியலை. நான் சரக்கை எறக்க எறக்க, அவுக மூடியும் முள்ளுமா ஒவ்வொரு கடையா ஏறினாக. மானம் மருவாதியா வியாபாரம் பண்ற மனுசன். ஒரு தலையாட்டலோட விட்டிருந்தா யாரு கேக்கப்போறா? சரக்கைக் குறைக்காம எறக்கச் சொன்னாரே, அந்தக் கடைக்காரருகிட்ட போயி மூடியை நீட்டி, எல்லாரும் கேக்கச் சொன்னாக:

"இது நான் வச்ச சந்தனம். அடைச்சது நானு. பேரு கெட்டது இவருக்கு."

அதுவரைக்கும் அவுக என்னை அவன், இவன்னுதான் சொல்லியிருக்காக. மூட்டை தோள்ல இருந்ததால நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன், இல்லைன்னா அழுதது தெரிஞ்சிருக்கும்.

அதுக்கப்புறமும் பல வருசம் அவுககிட்டதான் ஓட்டினேன். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் வண்டி பூராவும் சந்தனம் வைப்பாக, டேங்க் மூடிகிட்ட வந்ததும் கிண்ணத்தை என்கிட்ட நீட்டிருவாக. நான் ஓரமா ஒரு பொட்டு வைப்பேன். அண்ணே அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுச் சிரிப்பாரு.

இப்ப ஸ்டீரிங்கை விட்டு வருசம் எத்தனையோ ஆச்சு. என்னை நம்பாம போட்ட பூட்டுதான் என் பேரைக் காப்பாத்துச்சுன்னு நெனச்சா இன்னும் ஆச்சரியமா இருக்கு. மனுசனுக்கு மனுசன்மேல சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனா சந்தேகப்பட்டவரே பஸ்ஸேறி வந்து, பக்கத்துல உக்காந்து, கடைசி வரைக்கும் பாத்துட்டு, பேரைக் கெடுத்த அதே கடைகள்ல போயி அதைத் திருப்பிக் கொடுக்கிறது எத்தனை பேருக்கு வாய்க்கும்? எனக்கு வாய்ச்சுச்சு.