மாடத்தி பார்த்துக் கேட்பாள்

பேசுகிறவரின் தாடையைத் தொட்டு, வெளிச்சத்தின் பக்கம் திருப்பிவிட்டுத்தான் மாடத்தி பதில் சொல்வாள். ரேஷன் கடைக்காரரும் தப்பவில்லை. "இருட்டுல நின்னு பேசுனா எனக்கு எப்பிடிவே கேக்கும்?" என்பாள்.

காது மந்தம். பதினெட்டு வயதில் சங்கரன்கோவில் பஞ்சாலையின் நூற்புக் கூடத்தில் சேர்ந்தவள், மில் மூடும்வரை அந்த இரைச்சலில் நின்றாள். அங்கே கத்திப் பயனில்லை. உதட்டைப் பார்த்தே எல்லாம் பேசிக்கொள்வார்கள், மேஸ்திரியைத் திட்டுவது உட்பட. நான் கூட்டிப்போய் வாங்கிக்கொடுத்த காது மெஷினை ஒரு வாரம் மாட்டினாள். "நர்சம்மா, இது ஊருச் சத்தம் பூராத்தையும்லா கொண்டாந்து கொட்டுது" என்று கழற்றி வைத்துவிட்டாள். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கரிசல் பருத்தி வண்டி வண்டியாக வந்து இறங்கிய கட்டடம் அது. மில் மூடியதும் எந்திரங்கள் லாரியில் போய்விட்டன. பிறகு நெல் மூட்டை அடுக்கினார்கள், பந்தல் சாமான் போட்டார்கள், கடைசியில் வௌவால் குடிவந்தது. கூரை மட்டும் ரம்பப் பல் போல மடிப்பு மடிப்பாக அப்படியே இருக்கிறது. கண்ணாடிகளெல்லாம் வடக்கு பார்த்தவை. வெயில் விழாது, வெளிச்சம் விழும். தையலுக்கு அதைவிட என்ன வேண்டும்?

மாடத்தியும் ஷிரின் பானுவும் இன்னும் நான்கு பெண்களும் ஆளுக்கொரு வீட்டு மூலையில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து தைத்தால் நேரடியாக ஆர்டர் தருவதாக மொத்த வியாபாரி சொல்லியிருந்தார். அந்த மில் கூடத்தில் ஒரு பகுதி வாடகைக்குக் கிடைக்குமா என்பதுதான் கேள்வியாக இருந்தது. இடித்து மனை போடப் போவதாகவும் ஊரில் பேச்சு இருந்தது.

போன வாரம் மில் முதலாளியின் பேரன் வெங்கடேஷ் இடிக்கிற காண்டிராக்டரோடு வந்தார். நானும் மாடத்தியும் கூடத்தில் காத்திருந்தோம். இடம் கேட்டு அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு காண்டிராக்டரைத் தள்ளிக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார். எனக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. மாடத்தி கண்ணைச் சுருக்கி அந்தப் பக்கமே பார்த்தாள்.

என்னட்டி சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"காண்டிராக்டரு வாயில பாக்கு, பாதிதான் வெளங்குது. இடிச்சிருவோம்ங்காரு போல." கழுத்தை எட்டி வெங்கடேஷின் வாயைப் பார்த்தாள். "செவுரு நல்லாத்தான இருக்குங்காரு தம்பி. அந்தச் செவுட்டுக் கெழவி மூணு வருசம் இருந்துட்டுப் போகட்டும்ங்காரு."

கிழவி என்றதற்குக் கோபம் இல்லையா என்றேன்.

"இடம் குடுக்காருல்லா, சொல்லிட்டுப் போட்டும்."

வெங்கடேஷ் திரும்பி வந்தார். குனிந்து அவள் காதருகில் உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தார். மாடத்தி அப்போதுதான் தெரிந்துகொள்பவளைப்போல ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினாள். முதுகுக்குப் பின்னால் அவளுடைய வலது கை, இடம் கிடைத்தால் உடனே இறக்கிவிடலாமென்று தையல் மெஷின்களை ஏற்றிய லோடு ஆட்டோவோடு வாசலில் காத்து நின்ற ஷிரின் பானுவை உள்ளே வரச்சொல்லி வீசிக்கொண்டிருந்தது.