பெஞ்சு ஓரத்துக்கு ஒரு பூநாரை

மாணிக்கவாசகம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்து, அதன் மேல் இரண்டு மாடி எழுப்பி, உச்சியில் தன் பெயரை விளக்குப் போட்டு எழுதியவர். படித்தவர்கள் எத்தனை பேர் அவரிடம் கைகட்டிச் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள்! தெருக்கோடியில் போகிற புடவை எந்த ஊர்த் தறி என்று கடை வாசலில் இருந்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர், ஒரு சிமெண்டு பெஞ்சின் ஓரத்துக்காக அடையாற்று முகத்துவாரத்தில் பாறை பாறையாகத் தாவ வேண்டியதாயிற்று.

மகன் ராம்குமார் கல்லாவில் உட்கார்ந்த நாள் முதல், கடையில் அவருக்கு நாற்காலி உண்டு, வேலை இல்லை. மயிலாப்பூர்ப் பூங்காவில் காலை நடையை முடித்து அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தால், உள்ளே நுழைகிறவர்கள் எல்லாம் "வணக்கம் முதலாளி" என்பார்கள். முதலாளி என்று கூப்பிட அந்த இடம் ஒன்றுதான் மிச்சம். அதற்கும் போட்டி வந்தது. பங்கஜம், ஓய்வு பெற்ற டீச்சர், எந்நேரமும் கழுத்தில் பைனாகுலர். எதிர்மரப் பொந்தில் குக்குறுவான் குஞ்சு பொரித்திருக்கிறதாம். அந்த ஓரத்திலிருந்து மட்டும்தான் தெரியுமாம்.

"ஒரு குருவிக்காக எடத்த விடணுமாக்கும்? பறவை பாக்கக் கண்ணு வேணும் டீச்சரம்மா. அது ஒங்களவிட எனக்கு நல்லாவே இருக்கு."

"அப்படியா? முகத்துவாரத்துக்குப் பூநாரை, அதான் ரோஸ் கலர் ஃபிளமிங்கோ, வந்திருக்குன்னு பேசிக்கறா. நாளைக்கு வாங்கோ. வெயில் ஏறறதுக்குள்ள எனக்கு ஒண்ணு காட்டுங்கோ. காட்டலேன்னா ஓரம் எனக்கு."

"வாரேன். பேச்சுன்னா பேச்சு."

மறுநாள் எலுமிச்சை மஞ்சளில் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு போனார். புது இடத்துக்குப் போகும்போது கடைச் சரக்கை உடம்பில் காட்டாதவன் என்ன வியாபாரி? சீனிவாசபுரம் கரையில், அலை அரிக்காமலிருக்கக் கொட்டிய கருங்கல் பாறைகளில் அவர் தாவி ஏறி நின்றதும் உள்ளான் பறவைக் கூட்டம் எழுந்து போயிற்று. கொக்கு போயிற்று. உடைந்த பாலத்தின் மேல் சிறகு காயவைத்திருந்த நீர்க்காகம் ஈரத்தோடு போயிற்று.

"உங்க சட்டை ஆத்துக்கு அந்தண்டை வரைக்கும் கண்ணைக் கூசறது. கழட்டிடுங்கோளேன்."

"நல்லாருக்கே! கழட்டுனா பனியன் தெரியும். அது வேற கம்பெனி."

தயங்கி நிற்கிற வாடிக்கையை முறைத்துப் பார்க்கக் கூடாது. நம் பாட்டுக்குச் சரக்கை விரிக்க வேண்டும். இது அவர் கண்ட தொழில். பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தோள் துண்டை உதறி விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார். "வாங்க, சும்மா பாத்துட்டுப் போங்க" என்று நீரைப் பார்த்து முணுமுணுத்தார். ஒரு நண்டு வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

"இன்னும் போணி ஆவல" என்றார்.

அப்போதுதான் பனிமூட்டத்துக்குள், சேற்றுத் திட்டின் மேல், ரோஸ் நிறத்தில் ஒன்று அசைந்தது.

"அந்தா! பூநாரை!"

பங்கஜம் பைனாகுலரைத் தூக்கினார். காலஞ்சென்ற கணவருடையது அது. அதன் ஒரு கண்ணாடியில் பூஞ்சை, மறு கண்ணாடியில் கடல் தூவானம். "ஆமா... ரோஸ்தான். குனிஞ்சு சேத்தைக் கிளறிண்டிருக்கு. காலைப் பாருங்கோ, என்ன நீளம்!" என்றார் பைனாகுலரை இறக்காமலே. "எத்தனை வருஷமாத் தேடிண்டிருக்கேன்! ஓரம் உங்களுக்கே சார்."

ஜெயித்தாயிற்று. பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மூட்டம் கொஞ்சம் விலகிற்று. அந்த ரோஸுக்குக் கீழே அரக்கு நிறப் புடவைக் கரை ஓடுவதை மாணிக்கவாசகம் பார்த்துவிட்டார். அவரே பக்கத்தில் நின்று சாயம் பார்த்து வரவழைத்த சரக்கு! வாயைத் திறந்தால் பெஞ்சு போகும். ஆனால் உப்புத்தண்ணீரில் நின்றும் அந்தக் கலர் இம்மி மங்கவில்லையே! இதை ஒருத்தரிடமும் சொல்லாமல் ஒரு மனுஷன் எப்படி இருப்பான்?

"டீச்சரம்மா, அது பறவையில்ல, நம்ம கடைச் சீல! கலரப் பாத்தியளா? கடல்லயே முக்கி எடுத்தாலும் போவாது!"

ரோஸ் புடவை நிமிர்ந்தது. முழங்கால் வரை தூக்கிச் செருகியபடி, நண்டுக் கூடையோடு பாறைப் பக்கம் வந்தாள் கோவிந்தம்மா, அந்தக் கரையில் மீன் விற்கிறவள்.

"இன்னா நைனா, அப்போலேர்ந்து ரெண்டு பேரும் என்னியே பாத்துகினு கீறீங்க? நண்டு வோணுமா?"

"சீல தி.நகர்ல எடுத்ததுதானம்மா? ரெண்டு மாடிக் கடையில?"

"ஐய, அங்க இல்ல. அதுக்கு எதுத்தாப்ல சின்னக் கடை ஒண்ணு கீதே, மருமவ ஜான்சி அங்க எடுத்தா. எத்தினி தபா தோச்சாலும் சாயம் போவல நைனா."

பங்கஜம் சிரித்த சிரிப்பில் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. மாணிக்கவாசகம் துண்டை மடித்துத் தோளில் போட்டார். "அவன் கடையே என்னைப் பாத்து வச்சதுதான்" என்றார். வெயில் ஏறிவிட்டிருந்தது.

மறுநாள் பூங்காவுக்கு முதல் ஆளாக வந்து, அதே துண்டால் பெஞ்சின் ஓரத்தைத் துடைத்தார். "ஒக்காருங்க டீச்சரம்மா." தான் நடுவில் உட்கார்ந்தார். நடுவில் உட்காருவதுதான் உண்மையில் முதலாளி லட்சணம் என்று அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

வாசலில் நுழைந்த ஒருவர், பழக்க தோஷத்தில் ஓரத்தைப் பார்த்து, "வணக்கம் முதலாளி" என்றார்.

பொந்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "வணக்கம்" என்றார் பங்கஜம்.

மாணிக்கவாசகம் எட்டிப் பார்த்து, அதைவிட உரக்க ஒரு வணக்கம் வைத்தார். மரத்திலிருந்த குக்குறுவான் பறந்தே போயிற்று.