தரை மேடம்

நாற்காலியைக் காட்டினார்கள். மேடம் வழக்கம்போல அதைத் தாண்டிப் போய்த் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். சின்னப் பிள்ளைகள் முதலில் கை வைப்பது அதில்தான். பையில் பொம்மை ஏதும் கிடையாது. தண்ணீர் பாட்டில், உபரியாக இன்னொரு கண்ணாடி, அவ்வளவே.

பேச்சு வராத குழந்தைகளின் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பது அவர் தொழில். பயிற்சி குழந்தைக்கு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மேடத்தின் கண்ணோ பெற்றவர்கள் மேலேயே இருக்கும். "நான் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வரேன். மிச்ச நேரமெல்லாம் உங்ககூடத்தானே இருக்கு பிள்ள?" என்பார். "சும்மா உக்காந்துட்டுப் போறதுக்கு ஃபீஸா?" என்று ஒரு மாமியார் கேட்டதுண்டு. "சும்மா உக்கார்றதுதாம்மா கஷ்டம். நீங்களும் வந்து உக்காருங்க" என்றார். அந்த அம்மாளால் கொஞ்ச நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

இந்த வீட்டில் மூன்று வயதுப் பெண். அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகர். மேசைக்கடியில் பாத்திர மூடியை உருட்டிக்கொண்டிருந்த மகளிடம் குனிந்து, "இது என்ன? சொல்லு. என்ன கலர்? அப்பா எங்க?" என்று அடுக்கினார். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சார், அவகிட்ட டிக்கெட் இல்ல. விட்டுடுங்க" என்றார் மேடம்.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலறையில் இருந்த மனைவியின் காதில் விழாதபடி சொன்னார்: "என்னப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறா மேடம். நான் இல்லாத நாள்லதான் வீடு நிம்மதியா இருக்கு. தூரத்து வண்டியா டூட்டி கேட்டு வாங்கிடலாம்னு பாக்குறேன்."

மேடம் ஆறுதல் சொல்லவில்லை. "நீங்களும் ஒரு மூடி எடுத்துக்கிட்டு மேசைக்கடியில போங்க. அவ செய்றதயே செய்யுங்க. வாயத் திறக்கக் கூடாது."

கேள்வி கேட்காமல் இருப்பது மேடத்துக்கே தன் வீட்டில் வராது. "மாத்திர போட்டீங்களா? ஃபேன அணைச்சீங்களா?" என்று துளைப்பார். "எனக்கும் அந்த தெரபியக் குடேன்" என்பார் கணவர்.

பரிசோதகர் சீருடையோடு மேசைக்கடியில் படுத்தார். கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தலை இடித்ததுதான் அன்றைய பலன். மறுநாள் போன் செய்தார். "இன்னைக்கும் மூடிதான் உருட்டுனேன் மேடம்." "சரி. நாளைக்கும் உருட்டுங்க."

சில வாரங்கள் போயின. ஒருநாள் மேடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகளின் மூடி உருண்டு அப்பாவின் முழங்கையில் முட்டியது. அவர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மூடியைத் திருப்பி உருட்டிவிட்டார். மகள் அதைப் பிடித்தாள். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. நகர்ந்து வந்து, அப்பாவின் விரல்களைப் பிரித்து, மூடியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"ம்" என்றாள்.

அவர் உருட்டினார். மூடி கோணலாக ஓடியது. மகள் சிரித்துக்கொண்டே துரத்தினாள்.

சமையலறை வாசலில் அம்மா, வாயைப் பொத்தியபடி மேடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேடம் சத்தமில்லாமல் எழுந்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துவந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தில் அவளை உட்கார வைத்தார். அவள் முகத்தைத் தாடையோடு பிடித்து, மேசைப் பக்கம் திருப்பிவிட்டார்.