ரேடியோவில் அழுத பிள்ளை

எங்கள் வீட்டில் சாயங்காலச் செபமாலை முடியாமல் யாரும் ரேடியோவைத் தொடக் கூடாது. அம்மா போட்ட சட்டம். பாலக்கரையில் தெரு முழுக்கப் பாட்டுக் கேட்கும் நேரத்தில் நாங்கள் மட்டும் முழங்காலில் நிற்போம். எண்பத்திரண்டில் அந்தச் சட்டத்தை அம்மாவே தூக்கிப் போட்டாள்.

அக்கா அப்போது லெபனானில், பாலஸ்தீன அகதி முகாம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே போர் மூண்டதிலிருந்து கடிதம் இல்லை. அப்பாவோடு காலேஜில் இங்கிலீஷ் பாடம் நடத்திய ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருநாள் பஸ் பிடித்து வந்து சொன்னார்.

"வெளிநாட்டு ஸ்டேஷன்ல அந்த முகாம்களைப் பத்தி வாராவாரம் ஒரு நிகழ்ச்சி வரது, ஓய். அங்க இருக்கறவாளே பேசறா. உம்ம பொண்ணு இருக்கற முகாமும் வரப்போறதாம்."

அன்றிலிருந்து வாரம் ஒருநாள் செபமாலை ரேடியோவுக்காகக் காத்திருந்தது. இங்கிலீஷில் அவர்கள் சொல்வதை அப்பா அம்மாவுக்குத் தமிழில் சொல்வார். கடைசி பெஞ்சு வரை கேட்கும் அவர் குரல் ரேடியோ முன்னால் அடங்கிவிடும். குழாயடி வரிசையில் நின்ற மகன் குண்டுக்குப் பலியானதை ஒரு தாய் சொன்னாள். "தண்ணிக் கஷ்டமாம்" என்றார் அப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் காலேஜில் படிக்கிறவள்தானே, எனக்குக் காது கேட்காதா? ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்தால் வாயைத் திறக்க மனசு வராது.

அக்காவின் ஆஸ்பத்திரி வந்த வாரம் ரேடியோவில் ஒரே கரகரப்பு. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. செய்தியாளர் பேசிக்கொண்டே போக, அவருக்குப் பின்னாலிருந்து யாரோ தமிழில் சொன்னார்கள்: "ஒண்ணுமில்லடா ராஜா, ஒண்ணுமில்ல. ஊசி போட்டாச்சு."

அம்மா துள்ளி எழுந்தாள். "எம்பொண்ணு! உயிரோட இருக்கா!" என்று ரேடியோவைக் கட்டிக்கொண்டாள்.

செய்தியாளர் நிறுத்தவில்லை. இது போருக்கு முன்பு பதிவானது, அந்த ஆஸ்பத்திரி இப்போது இடிந்து கிடக்கிறது, ஊழியர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை என்றார். அப்பா ரேடியோவை அணைத்தார்.

"கடைசியா என்னங்க சொன்னான்?"

"நிகழ்ச்சி முடிஞ்சிருச்சுன்னு சொன்னான்."

செபமாலைக்கு முழங்காலிட்டோம். முடிவில் நோயாளிகளுக்கு, பயணம் போனவர்களுக்கு, கடைசியாக இறந்தவர்களுக்கு என்று வேண்டிக்கொள்வது வழக்கம். "உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக" என்று தொடங்கிய அப்பா, அதையே மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

"வேணாங்க" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல். "எம்பொண்ணு வர்ற வரைக்கும் இந்த வீட்டுல செத்தவங்களுக்குச் செபம் வேணாம்."

ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாதவள், எல்லாவற்றையும் அப்பாவின் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு செத்துப்போன தாத்தாவும் பெரியத்தையும் மேலே எங்கள் செபத்துக்காகக் காய்ந்து கிடந்தார்கள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே அம்மாவுக்கு முன்னால் நான் வாசலுக்கு ஓடுவேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு அக்கா வந்தாள். போரில் கடிதங்கள் எதுவும் போகவில்லையாம், தப்பித்து ஊர் ஊராக அலைந்திருக்கிறாள். பாதியாக இளைத்திருந்தாள். அம்மா ரசம் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டே கேட்டாள்:

"அன்னைக்கு ரேடியோவுல ஒரு பிள்ளை அழுதுச்சே, ஊசி போட்டியே, அது நல்லா இருக்குல்ல?"

அக்கா அம்மாவின் கையைத் தள்ளினாள்.

"எந்தப் பிள்ளைம்மா?"

சாயங்காலம் செபமாலை முடிந்ததும் அம்மாவே இறந்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கினாள். தாத்தா பெயரைச் சொல்லி முடித்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா மெதுவாக ஒரு பெயரைச் சொன்னாள். பிறகு இன்னொன்று. எல்லாம் அரபுப் பெயர்கள். அம்மா ஒவ்வொன்றையும் தட்டுத் தடுமாறித் திருப்பிச் சொல்லி ஒரு செபம் சொன்னாள். அப்பா முதுகு குலுங்க அழுதார்.

அடுப்பில் குழம்பு அடிப்பிடித்து வாடை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"போதும்மா" என்றாள் அக்கா. "உனக்கு முட்டி வலிக்கும்."

"நீ சொல்லும்மா. இன்னும் யாரு?"